தோஹா வழியாக எலுமிச்சைக்குத் தண்ணீர்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு போன் அடித்தபோது. அடித்தது என் போன் இல்லை. என் போன் ஏற்கெனவே தோஹாவோடு பேசிக்கொண்டிருந்தது.

புளியங்குடிக்கு வெளியே எலுமிச்சைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீடு. நான் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே தரையில் அந்த வீட்டு அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பட்டா அவருடைய வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. வீட்டுக்காரர் தோஹாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அரிசிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் ஆய்வின் விதி கண்ணாடி மாதிரி தெளிவு: பதில்களை விவசாயியிடம் மட்டுமே பெற வேண்டும், விவசாயி என்றால் பட்டாவில் பெயர் உள்ளவர். நான் விதியை மதிக்கிற பிள்ளை. அதனால் விவசாயிக்கு நெட் கால் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டு, கேள்வி பதினான்குக்கு வந்திருந்தேன்.

"வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணி பாய்ச்சுறீங்க சார்?"

"தண்ணியா... ஒரு நிமிஷம் மேடம். லைன்லயே இருங்க."

இருந்தேன். அப்போதுதான் அக்காவின் மடியிலிருந்த போன் அடித்தது. அவர் வெங்காயக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார்.

"சொல்லுங்க மச்சான்... ஆமா, அந்தப் பிள்ள இங்கனதான் உக்காந்திருக்கு... தண்ணியா? வாரத்துக்கு ரெண்டு. கீழ வரிசைக்கு மட்டும் ஒண்ணு. அங்கன தண்ணி தேங்குது, அதான் குறைச்சு விடுதேன்... சரி சரி."

வைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். என் போனில் விவசாயி திரும்பி வந்தார்.

"வாரத்துக்கு ரெண்டு மேடம்."

நான் '2' என்று எழுதினேன். எழுதிய பிறகு பேனா அப்படியே நின்றது. நாலடி தூரத்தில் இருந்த பதில் கடலைத் தாண்டிப் போய், கடலைத் தாண்டித் திரும்பி வந்திருக்கிறது. வந்த வழியில் கீழ வரிசை விழுந்துவிட்டது. இவரிடமே கேட்டால் என்ன? இந்த மாபெரும் கண்டுபிடிப்பைச் செய்ய எனக்கு ஒரு இளங்கலைப் பட்டமும் ஒரு முதுகலைப் பட்டமும் தேவைப்பட்டன.

"அக்கா, நீங்களே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்கிட்ட கேக்கலையே பிள்ள. அவுகள்ட்டதான கேட்ட? இடையில பூந்து சொன்னா மரியாதையா இருக்குமா?"

அவருடைய நியாயத்தில் ஓட்டையே இல்லை. ஓட்டை முழுக்க என் மடியில் இருந்த தாளில்.

நான் தென்காசியில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, எலுமிச்சை ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த உதவியாளராக வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கத்து எலுமிச்சை மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருகின்றன. மழை முன்போல இல்லாததற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பது எங்கள் வேலை. முதலில் வீடு வீடாகக் கேள்வி கேட்பது. பிறகு ஆறு தோட்டங்களைத் தேர்ந்தெடுத்து, மருந்து, சொட்டுநீர்க் குழாய், மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி எல்லாம் திட்டமே கொடுத்து ஒரு வருஷம் சோதித்துப் பார்ப்பது.

அந்த ஆறில் ஒன்றாகத் தன் தோட்டம் வர வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். ஆசை என்பது சின்னச் சொல். மச்சான் அடுத்த லீவுக்கு வரும்போது மரங்களையெல்லாம் தூரோடு பிடுங்கிவிட்டுக் கோழிப்பண்ணை போடுவதாக முடிவு செய்திருந்தார். ஷெட்டின் படம்கூட அனுப்பிவிட்டார். அக்கா அதை எனக்குக் காட்டினார்.

"கோழி நாத்தம் எனக்கு ஆகாது பிள்ள. நாப்பது மரமும் நான் வச்சது. என் மவளுக்கும் இதுகளுக்கும் ஒரே வயசு. அவ ஒரு பேச்சு கேக்க மாட்டா. மரம் கேக்கும். காயுததை மட்டும் யாராவது நிப்பாட்டிக் குடுத்தா, ஷெட்டை அவுகளையே மறக்க வச்சிருவேன்."

தென்காசிக்குத் திரும்புகிற பஸ்ஸில் கேள்வித்தாளை முதலிலிருந்து படித்தேன். உழைப்பு என்றொரு பகுதி. முதல் வரிசையில் டிராக்டர். இரண்டாவது மருந்தடிக்கும் மெஷின். பிறகு கூலியாட்கள். அதற்கும் கீழே 'குடும்ப உழைப்பு' என்று ஒரு கட்டம், அதில் ஒரு எண் எழுதுகிற அளவுக்கு இடம். மெஷின் எத்தனை லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று கேட்க இடம் இருந்தது. அக்காவுக்கு ஒரு வார்த்தை பேச இடமில்லை. பஸ்ஸிலேயே ஆவேசம் வந்து, பக்கத்து சீட்டில் இருந்தவர் மடிமேல் தாளை விரித்து வைத்துத் திருத்தத் தொடங்கிவிட்டேன். அவர் கடையநல்லூரில் இறங்கும்போது, "நல்லா எழுதும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

எங்கள் திட்டத்துக்குத் தலைமை வகிக்கும் சார் பயிர் நோய் நிபுணர். நல்ல மனிதர். இலையைப் பார்த்தால் அரை மணி நேரம் பேசுவார், ஆளைப் பார்த்தால் அரை நிமிஷம். என் நான்கு பக்க யோசனைகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"அருமைம்மா. கடைசியில ஒரு கட்டம் சேத்துருங்க. பெண்கள் பங்கேற்பு: ஆம், இல்லை. டிக் பண்ணிட்டு வந்துருங்க."

"ஆம்னா என்ன சார்?"

"ஆம்னா ஆம்தாம்மா."

நான் அங்கேயே நின்றேன். நான் நின்றால் போக மாட்டேன் என்பது சாருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "சரி, ஒரு தோட்டத்துல யாரு என்ன வேலை பாக்குறாங்கன்னு ஒரு சின்னக் கணக்கு எடுத்துட்டு வாங்க. பாப்போம்" என்றார்.

சின்னக் கணக்கை நான் சின்னதாக எடுத்திருக்கலாம். அது என் குணத்தில் இல்லை. பெரிய சார்ட் தாள்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலையின் படத்தை வரைந்தேன்: மோட்டார் போடுவது, களை வெட்டுவது, காய் பறிப்பது, தரம் பிரிப்பது. அக்காவின் தோட்டத்தில், காய் பறிக்க வந்த நாலு பெண்கள் முன்னால் அவற்றை மண்ணில் விரித்து வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரான அண்ணாச்சியும் வேடிக்கை பார்க்க வந்தவர், வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். ஆளுக்குப் பத்து எலுமிச்சை. எந்த வேலையை அதிகம் செய்கிறீர்களோ அந்தப் படத்தில் அதிகக் காய் வைக்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

"இது என்னட்டி, ஆடா?" என்றார் பறிக்க வந்தவர்களில் ஒருவர்.

"மோட்டார்க்கா."

"ஆட்டுக்கு எதுக்கு பைப்பு மாட்டிருக்க?"

ஆடு மோட்டார்தான் என்று எல்லோரும் ஒருவழியாக ஒத்துக்கொண்ட பிறகு வேலை தொடங்கியது. இரண்டே நிமிஷத்தில், "பத்து காணாது. அந்தக் கூடையை இங்கன தள்ளு" என்று ஒருவர் கூடையோடு கொட்டினார். அடுத்தவர், அவள் வைத்தால் நான் மட்டும் குறைவா என்று இன்னொரு கூடை. தரம் பிரிக்கிற படம் எலுமிச்சைக்கு அடியில் காணாமலே போய்விட்டது. அண்ணாச்சி மட்டும் கையில் பத்துக் காயோடு படம் படமாகச் சுற்றி வந்தார்.

"நான் பாக்குத வேல இதுல இல்லையே."

"என்ன வேல அண்ணாச்சி?"

"மேற்பார்வை."

ஒரு தாள் மிச்சம் இருந்தது. தோளில் துண்டோடு ஒரு ஆள் நிற்பதுபோல வரைந்து கொடுத்தேன். பத்தையும் அதன்மேல் வரிசையாக, தேங்காய் பழம் வைப்பது மாதிரி பக்தியாக வைத்தார். அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிக்கப்படாது. நிக்கதும் வேலதான்" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னைப் பார்த்து, "நீ காலையிலேருந்து என்ன செய்யுத? நிக்கத்தான செய்யுத?"

அந்த நேரம் பார்த்து சார் போனில் கூப்பிட்டார். சிக்னலுக்காகக் கிணற்றுப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டே, காய்க் குவியலை போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். கமிஷன் கடை வண்டி வந்து நின்றிருந்தது. என் தரவு மொத்தமும் மூட்டைக்குள் போய், மூட்டை வண்டிமேல் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, கணக்கு வந்துருச்சா?" போனில் சார் இன்னும் இருந்தார்.

"போயிருச்சு சார். மார்க்கெட்டுக்கு."

மிஞ்சியது மேற்பார்வை மட்டும். அந்தப் பத்துக் காயையும் பிழிந்து, உப்புப் போட்டு, எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார் அக்கா. அண்ணாச்சி இரண்டு டம்ளர் குடித்தார்.

இந்த நிலைமையில்தான் தோட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் வந்தது. வேறு எங்கே கூப்பிட்டாலும் விவசாயிகள் வர மாட்டார்கள், குற்றாலத்தில் சாரல் நேரத்தில் கூப்பிட்டால் வருவார்கள் என்று சார் கணக்குப் போட்டு, அங்கே ஒரு லாட்ஜின் ஹாலைப் பிடித்திருந்தார். கணக்கு சரிதான். எல்லோரும் வந்தார்கள். ஆனால் துண்டோடு வந்தார்கள்.

கூட்டம் பத்து மணிக்கு. பத்து மணிக்கு ஹாலில் சார், நான், அக்கா. மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கரையில் வரிசையில் நின்றார்கள். விவசாயி நேரில் வர வேண்டும் என்பது இங்கேயும் விதி. அதனால் அக்கா விவசாயியை நேரில் கொண்டுவந்திருந்தார். ஒரு நாற்காலியில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி, அதில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோ காலில் மச்சான். பின்னால் பாசுமதி மூட்டைகள். நான் எல்லோருக்கும் 'விவசாயி' என்று அடையாள அட்டை தயார் செய்திருந்தேன். ஆர்வக் கோளாறில் ஒன்றை எடுத்துப் பாட்டிலின் கழுத்தில் மாட்டினேன்.

பதினொன்றரைக்கு மற்ற விவசாயிகள் பளபளவென்று வந்து சேர்ந்தார்கள். வருகைப் பதிவேட்டில் எண்ணெய் படாத கையெழுத்து ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்ததும் வழுக்கி இரண்டு அங்குலம் முன்னால் வந்தார்.

சார் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். மரம் எப்போதிருந்து காய்கிறது, ஏன் என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் ஒரே குரலில் தண்ணீர் போதவில்லை என்றார்கள். என் கேள்வித்தாள்களும் அதையேதான் சொல்லின. கடைசியாக சார் பாட்டிலிடம் வந்தார்.

"வணக்கம். உங்க மரம் எப்பலேருந்து காயுது?"

"ஒரு நிமிஷம் சார்" என்றது பாட்டில்.

மச்சான் தன் இன்னொரு போனை எடுத்து ஏதோ அழுத்துவது தெரிந்தது. காதில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு திரைக்குள்ளிருந்து ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏட்டி! எவ்வளவு நேரமா அடிக்கேன்? பிஸி பிஸின்னு வருது. போன எடு!"

"இதுதான மச்சான் எம் போனு? நீங்க அதுக்குள்ளதான இருக்கீங்க!"

ஹாலில் யாரும் நாற்காலியில் ஒழுங்காக இல்லை. எண்ணெய் வேறு. சிரித்துச் சிரித்து இரண்டு பேர் தரைக்கே போய்விட்டார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா காயுது சார். எல்லா மரமும்" என்றார் மச்சான், மானத்தைக் காப்பாற்றும் குரலில்.

"எல்லா மரமும் இல்ல மச்சான்" என்றார் அக்கா. அப்போதும் சாரிடம் சொல்லவில்லை. கேள்வி அவரிடம் வரவில்லையே. "கீழ ரெண்டு வரிசைதான் காயுது. மேல வரிசை தங்கமா நிக்கி."

"கீழ ரெண்டு வரிசையாம் சார்."

சாரின் பேனா நின்றது. "கீழ தண்ணி நிக்குமா?" இதையும் பாட்டிலிடம்தான் கேட்டார்.

"நிக்குமா ஏட்டி?"

"மழை பேஞ்சா மூணு நாளு நிக்கும். தோண்டிப் பாத்தா வேரு அழுகுன நாத்தம் அடிக்கும்."

"நிக்குமாம் சார், நாத்தம்... ஏட்டி, நீயே சொல்லிரு, கஸ்டமர் வந்துட்டாங்க, மேனேஜர் பாக்குதான்." திரை இருட்டானது.

நாற்காலியில் கழுத்தில் அட்டையோடு பாட்டில் மட்டும் இருந்தது. சார் இன்னும் சில விநாடிகள் பழக்கதோஷத்தில் அதையே பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

அக்கா சொன்னார். முதலில் இலை சிறுத்து மஞ்சளாவது, பிறகு நுனி காய்வது. மேட்டு வரிசைக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் ஒன்றும் ஆகாதது. போன மழையில், மகள் பள்ளிக்கூடம் போன பிறகு மம்பட்டியை எடுத்து மூலையில் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டி விட்டது. அந்த மூலையில் மூன்று மரம் மட்டும் மறுபடி துளிர்த்தது. சார் எழுதிக்கொண்டே இருந்தார். இலையைப் பார்த்துப் பேசும்போது வருகிற முகம் அவருக்கு வந்துவிட்டது.

அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். "சார், எங்க வீட்டுலயும் இதத்தான் சொல்லுதா. தண்ணியக் குறைங்க, குறைங்கன்னு. நாந்தான், மரம் காயுதுன்னா தண்ணி ஊத்தாம என்னத்த ஊத்துததுன்னு ஏசிட்டேன்."

சார் என் பக்கம் திரும்பினார். "நம்ம கேள்வித்தாள்ல இவங்க தோட்டத்துக்கு ரெண்டு தடவைன்னுல்ல போட்டிருக்கு? கீழ வரிசைன்னு ஒண்ணையுமே காணோமே?"

"அது தோஹா வழியா வந்த ரெண்டு சார்."

சிரிப்பாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த '2'-ஐ நம்பி நாங்கள் கீழ வரிசைக்கு இன்னும் தண்ணீர் விடச் சொல்லியிருப்போம். அக்காவின் மரங்களைத் தூரோடு பிடுங்கக் கோழிப்பண்ணை தேவைப்பட்டிருக்காது. நாங்களே போதும்.

மத்தியானம் சார் பட்டியலை வாசித்தார். ஐந்து தோட்டம் வாசித்துவிட்டு ஆறாவதில் நிறுத்தினார். அக்கா சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பட்டா உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவர் கையெழுத்து வேணுமேம்மா."

"அவ்வளவுதானா? குடுங்க. மவளோட ரேங்க் கார்டுல அவுக கையெழுத்த நாந்தான சார் போடுதேன். அச்சு அசலா இருக்கும்."

"ஐயோ, வேண்டாம்மா! உங்க கையெழுத்தே போடுங்க." சார் அவசரமாகப் படிவத்தை இழுத்தார். 'விவசாயி (பட்டாதாரர்)' என்று இருந்ததில் அடைப்புக்குள் இருந்ததை மட்டும் அடித்தார். மிச்சம் இருந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிரே அக்கா கையெழுத்துப் போட்டார். மச்சானின் சம்மதம் சாயங்காலம் குரல் செய்தியாக வந்தது. ஒரு வருஷத்துக்கு மரத்தில் கை வைக்க மாட்டார், ஆனால் ஷெட்டுக்கான தகரத்தின் விலையை விசாரித்துக்கொண்டேதான் இருப்பார்.

ஆக, அக்காவுக்கு ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது, எல்லா வீட்டுக்கும் மறுபடி போய் மறுபடி கேட்கிற வேலை. புதுத் தாளில் பட்டா யார் பெயரில் என்ற கேள்வியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். முதல் கேள்வி: இன்று காலையில் இந்த மரத்தைப் பார்த்தது யார்? அண்ணாச்சி வீட்டில்தான் தொடங்கப் போகிறேன். அவருடைய வீட்டுக்காரம்மா, தான் பேசி முடிக்கிறவரை அண்ணாச்சி வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார். அண்ணாச்சி, பக்கத்தில் நிற்கவாவது அனுமதி கேட்டிருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.

அதற்கு முன்னால் திங்கட்கிழமை இருக்கிறது. கீழ இரண்டு வரிசையின் இருபது மரத்தில் பத்தில் சாரின் முறை: காய்ந்த கிளையை வெட்டி, மருந்துப் பசை தடவி, கருவி சொல்கிற அளவுக்குத் தண்ணீர். ஒன்பதில் அக்காவின் முறை: வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிய விடுவது, பிறகு அவர் இலையைப் பார்த்துச் சொல்கிறபடி. மிச்சம் இருக்கிற ஒற்றை மரம் மச்சானின் முறைக்கு. என் தோட்டத்தில் எனக்கு ஒரு மரம்கூடக் கிடையாதா என்று மச்சான் கேட்டுவிட்டார். ஒரு மரத்தை வைத்து என்னம்மா புள்ளிவிவரம் என்று சார் தலையில் கை வைத்தார். எந்த மரம் யாருடையது என்று கட்டி வைக்க மூன்று நிற ரிப்பன் வாங்கிவிட்டேன்.

வாய்க்கால் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் சாருக்கும் அக்காவுக்கும் இன்னும் சண்டை. சார் வரைபடத்தில் மேற்கு மூலையைக் காட்டுகிறார். அக்கா வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, கிழக்கு என்கிறார். எது சரி என்று ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவதாக முடிவாகியிருக்கிறது. காலை ஏழு மணி. மூன்று மம்பட்டி. சார் இதுவரை மம்பட்டி பிடித்ததில்லையாம். பிடிக்கச் சொல்லித் தருவதாக அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார்.